கொடிமரத்தில் ஏறிய கப்பல்காரர்

மாத்தளையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயிலேறி அரை நாள் போக வேண்டும். அதனாலேயே எங்கள் ஊரில் முத்தலிப் நானாவுக்கு அவ்வளவு மவுசு. பதினோரு வருடம் கப்பலில் இருந்தவர். ஏடன், ரங்கூன் என்று அளக்க ஆரம்பித்தால் தேத்தண்ணிக் கடையில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். புயலில் பாய்மர உச்சிக்கு ஏறிக் கயிறு அறுத்ததாகச் சொல்வார். நீராவிக் கப்பலில் அப்படி ஏற என்ன இருக்கிறது என்று கேட்க எங்களில் யாருக்குத் தெரியும்? மனிதர் உண்மையில் கப்பலின் சமையல்காரர். இது அவர் மனைவி றாபியாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

1927இல் எங்கள் தைக்காப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டவர் கந்தூரி விழா. கடலோடிகளைக் காப்பவருக்குக் கடலே இல்லாத ஊரில் கொடியேற்றுவதில் எங்களுக்குத் தனிப் பெருமை. அன்று பார்த்து, கொடிமர உச்சியிலிருந்த கப்பியை விட்டுக் கயிறு கழன்று விழுந்தது. கமுகு ஏறிப் பழகியவர்கள் நாலு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். தைக்காவை நிர்வகித்த மரைக்கார் அப்துல் ஸமத் அந்த நாலு பேரையும் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீங்க ஈக்கக்குள்ள வேற ஆள் எதுக்கு நானா? ஏறுங்க."

மறுத்தால் இத்தனை வருட மானம் போய்விடும். ஏறினால் உயிர் போகலாம். முத்தலிப் நானா கொஞ்சம் யோசித்து, உயிரைப் பணயம் வைத்தார். பாதி மரத்தில் கீழே பார்த்ததும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"எனக்கு ஏறத் தெரியா! நான் கப்பல்ல சோறு ஆக்கினவன்! எறக்குங்க!"

நானாவின் பகிடி என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து றாபியா ஓடி வந்தாள்.

"மெய்யத்தான் செல்றாரு! ஏணி கொண்டு வாங்க!"

இறங்கியவர் யார் முகத்தையும் பார்க்காமல் கந்தூரி அடுப்படிக்குப் போய் அகப்பையைப் பிடித்தார். ஐந்நூறு பேருக்கு நெய்ச்சோறு. அப்படியொரு சோற்றை நாங்கள் அதுவரை தின்றதில்லை.

"இவ்வளவு ருசியா ஆக்குற மனிசன், கப்பல்ல போனேண்டு எதுக்குப் பொய் செல்லணும்?" என்றார் மரைக்கார்.

பாய்மரம் பொய் என்றால் கப்பலும் பொய்தான்; கொழும்பில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடம் இருந்திருப்பார் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

"அல்லாஹ் மேல ஆணை, நான் ஏடன் போனவன்தான்!" என்றார் முத்தலிப் நானா. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.