இலக்கணத்தை ஏரியில் போடச் சொன்னவன்

போன சனிக்கிழமை இறால் வாங்கலாம் என்று பழவேற்காடு போனேன். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடமாக எழுதிக் கிழிப்பவனுக்கு இது தேவையா?

தேவைதான். கேளுங்கள்.

மூன்று மாதம் முன்பு அங்கே ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் ஒரு சிறுகதைப் பட்டறை. வாத்தியார் அடியேன். மீன் விற்கும் பெண்கள், இரண்டு டீச்சர்கள், ஒரு படகு மெக்கானிக் என்று பத்துப் பதினைந்து பேர். "சார், எனக்கு இலக்கணம் ஒண்ணும் வராது. கதை எழுதலாமா?" என்று கேட்டவர் தேசராணி. ஏரி இறால் விற்பவர். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவர்.

மைக் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? "இலக்கணத்தைத் தூக்கி ஏரியில் போடுங்கள். பேசுவதுபோல் எழுதுங்கள். அதுதான் இலக்கியம்" என்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. மதியம் இறால் தொக்கும் பலமாகவே இருந்தது.

தேசராணி நிஜமாகவே எழுதிவிட்டார். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஆண்ட காலத்துக் கதை. பஞ்சத்தில் அடிமையாக விலைபோன தங்கையைக் கப்பலேற்றுகிறார்கள். கரையில் நிற்கும் அக்கா, கப்பல் மறையும்வரை தங்கையிடம் வீட்டு விஷயம் பேசிக்கொண்டே இருக்கிறாள் — கோழி முட்டை வைத்தது, கூரையைப் பிரித்து வேய வேண்டும்... முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னேன். தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று அவர் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: 'முதலில் பிழையின்றி எழுதப் பழகவும்.'

சனிக்கிழமை மீன் ஏலம் விடும் இடத்தில் என்னைப் பார்த்ததும் தேசராணி நிற்கச் சொன்னார். வீட்டுக்குப் போய், அந்தக் கடிதத்தையும் அதே பத்திரிகையின் புது இதழையும் எடுத்து வந்தார். இதழில் என் கதை. இரண்டு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாத கதை. தலைப்புக்கு மேலே ஆசிரியர் குறிப்பு: 'துணிச்சலான மொழிநடை.'

"நீங்க புள்ளி வைக்கலன்னா துணிச்சல். நான் வைக்கலன்னா ஒண்ணும் தெரியாதவ. இன்னா சார் நியாயம் இது?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"அந்த ஆசிரியருக்கு ரசனை போதாதும்மா..." என்று இழுத்தேன்.

"அத்த வுடுங்க. ஏரியில பாடு வச்சிகீறோம், தெரியும்ல?"

தெரியும். எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பாடு.

"அது இல்லன்னா இன்னா ஆவும்? பெரிய வலைக்காரன் மொத்தமும் வாரிக்கினு பூடுவான். எங்களாட்டம் சின்ன வலைக்கு அந்த ரூல்தான் சார் காவல். நீங்க பெரிய வலை. ரூல் வேணாம்னு சொல்றது உங்களுக்கு ஈஸி."

வெட்கமாக இருந்தது. பெயர் எடுத்தவன் மீறினால் பாணி, புதிதாக வருபவர் மீறினால் பிழை... இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், நாலு கைதட்டலுக்காக அவர் கையில் இருக்க வேண்டிய காவலைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எழுத்து, புள்ளி, சந்தி எல்லாம் சொல்லிக் குடுங்க. அப்பால அத்த மீறுறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

வாரம் ஒரு வகுப்பு என்று ஒப்புக்கொண்டேன். திரும்பும் வழியில் பொன்னேரியில் இறங்கி, ஒரு புத்தகக் கடையில் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் கேட்டேன்.

"எந்த கிளாஸ் பிள்ளைக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆறாவதுலேர்ந்தே எடுங்க" என்றேன். "எனக்குத்தான்."