ஏழரை மணிச் செய்தியின் வால்

புனே நகரத்தின் உள்ளூர்ச் செய்தி ஒரு காலத்தில் ஸ்கூட்டரில் போனது. அந்த ஸ்கூட்டரைக் கொஞ்ச காலம் நான் ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராகச் சோலாப்பூர் வந்து, அங்கே ஓர் ஓட்டலில் மாவாட்டி, பிறகு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். வயது முப்பதை நெருங்கியிருந்தது. சில வாரம் புனே பேருந்து நிலையத்தில் படுத்தேன். ஒரு நாள் மழைக்கு ஒரு மாவு மில் வாசலில் ஒதுங்கி நின்றபோது, மாடியிலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வேலை கிடைத்த கதை அவ்வளவுதான்.

மில்லுக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் செய்தி நிலையம். ஒன்றில் மேசை, நீலத் துணி, இரண்டு விளக்கு. இன்னொன்றில் எட்டு வீடியோ பெட்டிகள். அந்தப் பெண்மணிதான் செய்தியைச் சேகரிப்பார், எழுதுவார், வாசிப்பார், சேலைக்கடைக்கும் நகைக்கடைக்கும் போய் விளம்பரம் பிடிப்பார். முன்பு தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர், இங்கே கேமராக்காரர். ஊரே அவரைத் தாயி என்று கூப்பிட்டது. மராத்தியில் அக்காவுக்கு அப்படிச் சொல்வார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மில் ஓடினால் மேசை அதிரும், திரையில் தாயியின் முகமும் அதிரும். அதனால் மாலையில் வாசிக்க உட்காரும்போது அவர் குதிகாலால் தரையைத் தட்டுவார். கீழே மில்காரர் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். அதுவரை கோதுமை டின்னோடு காத்திருக்கும் பெண்கள் படிக்கட்டில் ஏறி நின்று காது கொடுப்பார்கள். நகரத்துக்குப் போகும் முன்பே அவர்களுக்குச் செய்தி தெரிந்துவிடும். "தாயி, நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி உண்டா இல்லையா, அத மட்டும் முதல்ல சொல்லிடு, மாவு வேகமா அரையட்டும்" என்று கீழிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்லித் தொடங்குவார்.

வாசித்துப் பதிந்ததும் எட்டுப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் நகல் ஓடும். நகல் கேசட்டுகளை நான் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் கேபிள்காரர் ஒருவர் இருப்பார். அவருடைய அறையில் நான் கொடுக்கும் கேசட்டை ஏழரைக்குப் போடுவார். அங்கிருந்து கம்பி வழியாக வீடுகளுக்குப் போகும். மறுநாள் காலையில் அதே கேசட்டுகளை வாங்கி வருவேன். மாலையில் அதன் மேலேயே புதுச் செய்தி பதியும். புதுக் கேசட் வாங்க விளம்பரக் காசு காணாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்றைய செய்தி நேற்றையதைவிடக் குட்டையாக இருந்தால், இன்றையது முடிந்த இடத்துக்குப் பின்னால் நேற்றையதின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் வால் என்போம். வாலை அறுக்க ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செய்தி முடிந்த பிறகும் பெட்டிகளை நிறுத்தாமல் வெறும் கருப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பதிய விடுவோம். அது முடியாமல் ஒரு கேசட்டையும் யாரும் எடுக்கக் கூடாது. தாயி போட்ட சட்டம் அது.

அவரிடம் நான் வியந்தது பல. ஒரு மாநகராட்சிப் பொறியாளர் தண்ணீர் வரும் என்றால், அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போன் செய்து குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். விளம்பரம் தருகிற கடைக்காரர் தன் மகனின் கடைத் திறப்பைச் செய்தியாக வாசிக்கச் சொன்னால், "விளம்பரத்தில் உங்கள் மகனை யானை மேல்கூட ஏற்றுகிறேன், செய்தியில் நடக்கக்கூட விடமாட்டேன்" என்பார். வானவடியின் புது அடுக்குமாடிகளிலும் ஆற்றோரத் தகரக் கூரைகளிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த நம்பிக்கைதான் ஒரு நாள் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஆகஸ்ட் மாதம். கடக்வாஸ்லா அணை நிரம்பிக்கொண்டிருந்தது. அணை திறந்தால் ஊருக்குள் ஆறு ஏறி, கரையோரச் சந்துகளில் தண்ணீர் புகும். தாயி தினமும் அணைச் செய்தியைக் கடைசியில் வாசிப்பார். முந்தின நாள் வாசித்தது இது: இன்று அணை திறக்கவில்லை, ஆற்றோர மக்கள் கவலையில்லாமல் தூங்கலாம்.

மறுநாள் மாலை போன் வந்தது. ஒன்பது மணி வாக்கில் திறக்கப் போகிறார்கள். தாயி எழுதி வைத்திருந்த மற்ற செய்தியில் பாதியைக் கிழித்துப் போட்டார். அணையை முதலில் வாசித்தார். எல்லாம் சீக்கிரம் முடிந்தது. நகல் முடிந்ததும் கருப்பு ஓடத் தொடங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கருப்பு வேண்டாம். எடு. ஓடு. ஆற்றங்கரைக்கு முதலில் போ" என்றார்.

ஆற்றங்கரைக்குக் கம்பி விட்டிருந்த கேபிள்காரர் தமிழர். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். இவர் பிறந்தது புனேயில். அன்றைய அவசரத்தில் மற்ற கேசட்டுகளைத் தர மில்லில் வேலை பார்த்த ஒருவர் சைக்கிளில் போனதால், நான் இவருடைய அறையிலேயே ஈரத்தோடு உட்கார்ந்து டீ குடித்தேன். சன்னலுக்குக் கீழே ஆற்றோரச் சந்து. முதல் வீட்டில் ஒரு தமிழ் அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு கிரைண்டர் இருந்தது. தரையில் பதித்த பெரிய கல், அடியில் மோட்டார். தண்ணீர் ஏறினால் மோட்டார் போகும். மோட்டார் போனால் கடையும் போகும்.

ஏழரைக்குச் செய்தி ஓடியது. சந்தில் கதவுகள் திறந்தன. அக்கா தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திக் குண்டான்களை ஏற்றினார். செய்தி முடிந்து திரையில் புள்ளிகள் ஆடின. பிறகு தாயி மறுபடி வந்தார். அணை திறக்கவில்லை, கவலையில்லாமல் தூங்கலாம் என்றார்.

"இன்னாண்ணே இது? இப்பதான் காலி பண்ணுன்னாங்க. இப்ப சோ ஜாவ், தூங்குங்கறாங்க?" என்றார் கேபிள்காரர்.

"அது நேத்து உள்ளதுப்பா. வால். நிறுத்து, நிறுத்து" என்றேன்.

நிறுத்தினார். அதற்குள் கீழே அக்கா குண்டான்களை இறக்கிக்கொண்டிருந்தார். நான் படி இறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன்.

"யக்கா, கடைசில வந்தது பழசு. முத சொன்னதுதான் நிசம். சேலையப் பாக்கலையா? இன்னைக்கு நீலம், அது பச்சை."

"எங்க டிவில எல்லாச் சேலையும் சாம்பல்தான்" என்றார் அவர். "தாயியே தூங்கச் சொல்லிட்டாங்க. நீ யாரு கேசட்டுக்காரரே, நடுவுல?"

மேலே கேபிள்காரர் கேசட்டைத் திருப்பி ஓட்டி முதல் செய்தியை மறுபடி போட்டார். அது இன்னும் கெடுத்தது. "போன்னாங்க, தூங்குன்னாங்க, மறுபடி போங்கறாங்க. கேசட்டுக்கும் மழைல சளி புடிச்சிருச்சா?" என்று அக்கா கேட்க, சந்தே சிரித்தது. சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சினிமா பார்க்க உட்கார்ந்தார்கள்.

நான் மேலே ஏறிவந்து போனில் தாயியிடம் சொன்னேன். "வருகிறேன். கேபிள்காரரைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்" என்றார். மற்ற கேபிள்காரர்களுக்குப் போன் செய்து கேசட்டை நிறுத்தச் சொல்லும் வேலையை மில்காரரிடம் விட்டுவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில், கேமராவை மடியில் வைத்துப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார். கேமரா நனையவில்லை. அவர் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்.

கணவர் வீடியோ பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கிக் கேமராவில் செருகினார். நேரடியாகச் செய்தி சொல்வது என்பதை நாங்கள் அதுவரை செய்ததில்லை.

"சினிமா போகும் பெட்டிக்கும் இதையே கொடு" என்றார் தாயி.

கேபிள்காரர் தயங்கினார். "தாயி, கிளைமாக்ஸ் ஓடுது. ஹீரோ அடிக்கிற நேரம். ஆளுங்க வந்து என் கழுத்தப் புடிப்பாங்க."

"வரட்டும். வீட்டை விட்டு வெளியே வரவேண்டும், அதுதானே வேண்டும்?"

அவர் இரண்டாவது கம்பியையும் மாற்றினார்.

தாயி சுவரில் சாய்ந்து நின்றார். மேசை இல்லை, நீலத் துணி இல்லை. முகத்தைக்கூடத் துடைக்கவில்லை, கணவர் நீட்டிய துண்டை வேண்டாம் என்று தள்ளினார். பேசியது மராத்தியில். நான் நினைவில் வைத்திருப்பது இது:

"சற்று முன் உங்களைத் தூங்கச் சொன்னது நேற்றைய நான். தப்பு என்னுடையது, அவசரத்தில் கேசட்டைச் சரியாக அழிக்காமல் அனுப்பிவிட்டேன். இப்போது பேசுவது இன்றைய நான். என் தலையைப் பாருங்கள், உங்கள் கூரையில் விழும் மழைதான் இது. தண்ணீர் வருகிறது. கிளம்புங்கள். நான் கீழே வந்து நிற்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் என்னைத் தொட்டுப் பார்க்கலாம்."

நான் சன்னலில் நின்றேன். சினிமா போன கோபத்தில் முதலில் ஆண்கள் வெளியே வந்தார்கள். அண்ணாந்து எங்கள் சன்னலைப் பார்த்தார்கள். தாயி உண்மையிலேயே கீழே இறங்கிச் சந்து முனையில் போய் நின்றார். இட்லி அக்கா அருகில் வந்து அவருடைய ஈரக் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சன்னலில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நின்னு வேடிக்கை பாக்கறியே கேசட்டுக்காரரே, வந்து கல்லப் புடி."

கல்லைத் தனியாக, மோட்டாரைத் தனியாகக் கழற்றினோம். நான், கேபிள்காரர், சினிமா பறிபோன இரண்டு பேர். வண்டியில் ஏற்றி மேட்டுச் சாலையில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தள்ளினோம். தண்ணீர் வந்தபோது சந்தில் ஆள் இல்லை. முதல் வீட்டின் வாசற்படி மறைந்து, சன்னலுக்குக் கீழே வரை சேறு நின்றது.

மறுநாள் காலை தாயி எப்போதும்போல வந்தார். யாரையும் திட்டவில்லை. கருப்பு ஓடி முடியும் முன் கேசட்டை எடுக்கக் கூடாது என்று பெட்டிகளுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினார். "இது எனக்கு" என்றார். சேலைக்கடைக்காரர் போன் செய்து, ஊரறியத் தப்பை ஒத்துக்கொண்டால் வியாபாரம் என்ன ஆகும் என்று கேட்டார். "தெரியவில்லை, உங்கள் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள்" என்றார் தாயி. அவர் நிறுத்தவில்லை.

அன்று மாலையிலிருந்து செய்தியின் முடிவில் ஒரு வரி சேர்ந்தது. கிழமையைச் சொல்லி, "இன்றைய செய்தி இத்துடன் முடிந்தது. இதற்குப் பிறகு நான் வந்தால் நம்பாதீர்கள்" என்பார். ஊருக்கு அது பிடித்துப்போனது. பேருந்தில் இறங்குகிறவர்கள்கூட நண்பர்களிடம் அதைச் சொல்லிவிட்டு இறங்குவதைக் கேட்டிருக்கிறேன். பின்னால் செய்தி முழுக்கக் கம்பியிலேயே போகத் தொடங்கி, ஸ்கூட்டருக்கு வேலை இல்லாமல் போனது. நானும் வேறு ஊர் கிளம்பினேன். கேசட் இல்லை, வால் இல்லை. ஆனாலும் அந்த வரியைத் தாயி விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளம் வடிந்த முதல் மாலை இட்லி அக்கா வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்தேன். சுவரில் சேற்றுக் கோடு காயவில்லை. கிரைண்டர் நான்கு அடுக்குச் செங்கல் மேல் ஏறியிருந்தது. தாயி அந்தப் புது வரியைச் சொல்லி வணங்கினார். திரை கருப்பானது. நான் எழுந்தேன். "இரு" என்று கையைக் காட்டினார் அக்கா. கருப்பு முழுக்க ஓடி முடியும் வரை கண் எடுக்காமல் பார்த்தார். புள்ளிகள் ஆடத் தொடங்கியதும்தான் எழுந்து டிவியை அணைத்தார்.

"வரல" என்று சொல்லிவிட்டு, அரிசி ஊறப்போடப் போனார்.