லாமா வளர்க்கலாமா?

என் மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டிக் கேட்டாள். "அத்தா, லாமா வளக்கலாமா?"

"வளக்கலாமா வளக்கலாமான்னா? என்னத்த வளக்கணும், அதச் சொல்லு."

"லாமாவத்தான் சொல்லுறேன்."

அப்புறம்தான் வீடியோவைப் பார்த்தேன். ஏதோ வெளிநாடு. அவள் வயதுப் பிள்ளைகள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஆளுக்கொரு மிருகத்தைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார்கள். உடம்பு செம்மறி, கழுத்து ஒட்டகம், கண்ணிமை கல்யாணப் பெண். கட்டையைத் தாண்டச் சொன்னால் தாண்டுகிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "இது உங்கத்தா பயந்து போயி முழிக்கிற முழியில்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிவகாசியில் லாமாவுக்கு எங்கே போவது? ஆனால் கன்னி ஆடு உண்டு. எங்கள் சீமைக்கே உரிய வெள்ளாடு அது. கறுத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் என் மச்சினனிடம் சொல்லி ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மகள் அதற்கு லாமா என்றே பேர் வைத்தாள். ஆசையும் தீர்ந்தது, விமானச் செலவும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தும் பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறோம். வீடு பிரஸ்ஸுக்குப் பின்னாலேயே இருக்கிறது. காலி இடத்தில் மகள் பேப்பர் ரீலின் உருளைகளை வரிசையாகப் போட்டு லாமாவைத் தாண்டப் பழக்கினாள். பழைய லாரி டயருக்குள் நுழையப் பழக்கினாள். தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஏறவும், பின்னால் எட்டு வைக்கவும்கூடச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு இந்த வயதிலும் பின்னால் எட்டு வைக்க வராது. ஓட்டம்தான் வரும்.

லாமாவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வேப்பங்கொழையைக் கட்டித் தொங்கவிட்டால் நாசூக்காக மோந்து பார்க்கும், அச்சடித்த பேப்பரைக் கண்டால் விடாது. தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒருநாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பிரஸ்ஸுக்குள் வந்து, நாரணாபுரம் கம்பெனி ஒன்றுக்குப் போக வேண்டிய அணுகுண்டு லேபிளை ஒரு ஓரமாக நின்று தின்றுவிட்டது.

அண்ணன் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"ஏலே, ஆடு நாளைக்கே ஏழாயிரம்பண்ணைக்குப் போவுது."

மகள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பெரியத்தா, வெம்பக்கோட்டையில எளவட்டப் பிள்ளைக எல்லாம் சேந்து ஆடு மாடு காட்சி நடத்துறாக. லாமாவக் கூட்டிட்டுப் போறேன். பரிசு வாங்கிட்டா இங்கனயே இருக்கட்டும்."

அண்ணன் யோசித்தார். "ஏதாச்சும் ஒரு பரிசு வாங்கு. இருக்கட்டும். வாங்கலைன்னா ஆட்டோல ஏத்தி விட்ருவேன், அழப்பிடாது."

அன்றிலிருந்து அவள் காலேஜ் விட்டு வந்ததும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கயிற்றைத் தொட்டாள்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். காட்சி நடத்தும் பிள்ளைகள் போஸ்டர் அடிக்க எங்கள் பிரஸ்ஸுக்கே வந்தார்கள். மகள் கலந்துகொள்ளும் காட்சி, நானே முன்னால் நின்று அடித்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன். அவர்கள் எழுதிக் கொண்டுவந்த வாசகம், 'வெள்ளாடு வளர்க்கலாமா? வந்து பாருங்கள்.'

சிவகாசி லேபிளுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. எந்த வரியும் மெலிந்து நிற்கக் கூடாது. இடம் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கு, இன்னும் இடம் இருந்தால் ஒரு நட்சத்திரம் போடு. 'வெள்ளாடு வளர்க்க' என்பதிலேயே மேல்வரி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததைக் கீழே இறக்கி, அகலம் நிறையும்வரை ஊத வைத்து, சிவப்பில் போட்டார் எங்கள் டிசைனர். 'லாமா'. கேள்விக்குறியின் மேல் ஒரு நட்சத்திரம் வெடித்துக்கொண்டிருந்தது.

படத்துக்கு, "என் போன்ல மக அனுப்புன லாமா படம் இருக்கு, எடுத்துக்கோங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு டீக்குடிக்கப் போனேன். மகள் அனுப்பியதில் இரண்டு லாமா இருந்தது. டிசைனர் எடுத்தது வெளிநாட்டு லாமாவை.

"கழுத்து நீளமா இருக்கேன்னு தோணலையா?" என்று பிறகு கேட்டேன்.

"பாய், கிளிக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம்? கிளிப் படம் போட்டு வெடி லேபிள் அடிக்கலையா? கஸ்டமர் குடுத்த படம், போட்டேன்."

போஸ்டர் போய்ச் சேர்ந்ததுகூட எனக்குத் தெரியாது. நாரணாபுரம் டீக்கடையில் ஒருவர் கேட்டபோதுதான் தெரிந்தது. "பாய், வெம்பக்கோட்டைக்கு லாமா வருதாமே. கப்பல்ல வருதா, பிளைட்லயா?" திரும்பினால் சுவரில் ஆளுயரத்துக்கு அந்த முழி. வழி நெடுக எண்ணெய்க்கடைச் சுவர், பஸ் நிறுத்தம், பாலம், எல்லாவற்றிலிருந்தும் என்னையே பார்த்தது.

எனக்குப் பயம் வந்தால் யோசனைகள் ஒன்றுக்குப் பத்தாக வரும், ஒன்றும் உருப்படியாக இருக்காது. மஞ்சள்காமாலை என்று படுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மச்சினனிடம் கழுத்து நீளமான கழுதை ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தேன். கடைசியில் பிரஸ்காரன் புத்தி வேலை செய்தது. தப்பை மறைக்க அதன் மேல் ஒட்டு ஒட்டுவதுதான் எங்கள் தொழில். 'லாமா வராது' என்று துண்டு அடித்து எல்லாப் போஸ்டரிலும் ஒட்டிவிடலாம். மெஷினை ஓட்டச் சொல்லும்போது மகள் வந்து நின்றாள்.

"அத்தா, காட்சியில எம் ஆட்டுக்கு என்ன பேரு குடுத்திருக்கேன்?"

"லாமா."

"லாமா வராதுன்னு ஊரெல்லாம் ஒட்டுனா, வராத ஆட்டுக்கு யாரு பரிசு குடுப்பா?"

மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. வேலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் அன்றைக்கு லாமா பார்க்க ஆள் ஏற்றி வந்தன. நான் வாயில் முகக்கவசம் மாட்டி, பைக்கைச் சாவியோடு ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, "அண்ணே, லாமா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எருமைகள் நின்ற பக்கம் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கோழிப் பக்கம் காட்டினேன். மூன்றாவது முறை அவள் வருவதைப் பார்த்ததும் நானே கோழிப் பக்கம் போய்விட்டேன். அங்கே அண்ணன் நின்றிருந்தார்.

"ஏலே, வெயில்ல எதுக்குடா மாஸ்க்கு?"

"தூசிண்ணே."

"இந்தக் கூட்டம் கேட்டா என்ன சொல்லப்போற?"

"போஸ்டர் அடிச்சது நீங்கன்னு சொல்லுவேன்."

அதற்குள் மைக்கில் ஒரு பையன், "அடுத்ததாக வருவது லாமா" என்றான். மைதானமே எழுந்து நின்றது. என் மகள் கறுப்பு ஆட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல். "இது கன்னி ஆடுல்ல."

"எங்க வீட்டுல இதே மாதிரி நாலு கெடக்கு. அதப் பாக்கவா வேன் ஏறி வந்தோம்?"

"போஸ்டர் அடிச்சவன் யாருடா?"

நான் பைக் இருக்கும் தூரத்தைக் கண்ணால் அளந்தேன். மகள் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கயிறும் ஆடும் அன்றைக்குள் ஒரு பரிசும் மட்டும்தான் கணக்கு. அவளுக்கு முன்னால் வந்த ஆடுகளெல்லாம் வளர்த்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போயிருந்தன. லாமா கயிறு தொங்கலாகத் தொங்க, அவள் கூடவே நடந்தது. போட்டிக்காக மைதானத்தில் போட்டிருந்த கட்டையைத் தாண்டியது, டயருக்குள் நுழைந்து வந்தது. தொட்டியில் கால் நனைத்து ஏறியது. அவள் நின்றாள், அது நின்றது. அவள் கையைக் காட்டியதும் அது பின்னால் எட்டு வைத்தது. நாலு ஆடு வைத்திருப்பதாகச் சொன்னவர், "இது நம்ம வீட்டு ஆடு இல்லப்பா" என்றார். கைதட்ட ஆரம்பித்ததும் அவர்தான்.

இனி நடுவருக்கு முன்னால் போய் ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நடுவராக வந்திருந்த மாட்டு டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால், மைதா பசை காயாத ஒரு போஸ்டரைப் பிள்ளைகள் ஒட்டி வைத்திருந்தார்கள்.

லாமா லாமாவைப் பார்த்தது. பிறகு முகத்திலிருந்து ஆரம்பித்துத் தின்னத் தொடங்கியது. நான் என்னை அறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

மகள் இழுத்தாள், கெஞ்சினாள், காதில் என்னவோ சொன்னாள். ஆடு அசையவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் என்னை அடிக்க நினைத்தவர்கள்கூட மறந்துபோயிருப்பார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆடு தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றாள்.

டாக்டரம்மா பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், முகத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். "பழக்குன விதம் மொத தரம். கடைசியில நிக்கலையே, நான் என்ன செய்ய" என்றார். முதல் மூன்று பரிசும் வேறு ஆடுகளுக்குப் போயின. லாமாவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு நீல பிளாஸ்டிக் வாளி.

மகள் வாளியோடு நேரே பெரியத்தா முன்னால் வந்து நின்றாள்.

"இது பரிசு இல்லம்மா" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "இது ஆறுதல்."

"ஆறுதல் பரிசுன்னு மைக்ல சொன்னாக. ஏதாச்சும் ஒரு பரிசுன்னு நீங்க சொன்னீக."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து இடுப்புப் பிள்ளைக்காரி எங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளோ ஆட்டுக்கு முன்னால் குனிந்து, பிள்ளையின் கையை எடுத்து அந்த வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தாள். பிள்ளை கையை எடுக்க மாட்டேன் என்றது.

"அடுத்த வாரம் வந்தாலும் லாமா இருக்குமாண்ணே?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அண்ணன் வாயைப் பார்த்தார்கள். அவர் ஆட்டைப் பார்த்தார்.

"இருக்கும். சிவகாசியில எங்க பிரஸ்ஸுக்குப் பின்னாலதான் இருக்கும். வந்து பாருங்க."

மகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகுதான் சிரித்தாள்.

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். இடுப்புப் பிள்ளைக்காரி என் முழியை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்கள எங்கனயோ பாத்திருக்கேனே" என்றாள். "போஸ்டர்லயா?"