மச்சம் இல்லாத வெள்ளி

விடுமுறை கிடைத்தால் போதும், போர்த்துக்கீசர் எப்போதோ போய் இறங்கிய துறைமுகம் ஒன்றில் என் மகளும் போய் இறங்கிவிடுவாள். முதலில் கோவா. அடுத்த வருடம் மலாக்கா. அதற்கடுத்த வருடம் மக்காவ். ஒவ்வொரு ஊரிலிருந்தும் படங்கள் வரும். ஒரு பழைய தேவாலயம், நீல ஓடு பதித்த ஒரு சுவர், பிறகு கட்டாயம் ஒரு சாப்பாட்டுத் தட்டு. சிநேகிதப் பெண்பிள்ளைகளோடு போவதாகச் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டுப் படங்களை நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். அது என் பழக்கம். கோவாவில் பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கையில் மண்ணிறத் தோல்பட்டி போட்ட ஒரு மணிக்கூடு இருந்தது. மலாக்காவில் மீன்குழம்புக் கோப்பைக்குப் பக்கத்திலும் அதே கை. மக்காவில் முட்டை டார்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே கைதான்.

"உம்மடை சிநேகிதப் பிள்ளைக்குக் கையிலை நல்ல ரோமம்," என்றேன், அவள் லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது. அவள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரைக்கேறியது.

அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. பெடியன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன். தகப்பன் இல்லை. தாய் போர்த்துக்கலின் மடெய்ராத் தீவிலிருந்து வந்து ஸ்டொக்வெல் பக்கம் சின்னக் கோப்பிக்கடை வைத்திருக்கிறவர். ஸ்டொக்வெல்லில் அந்தத் தெருவே போர்த்துக்கீசத் தெருதானாம்.

"உலகம் முழுக்கச் சுத்தித் தேடினவளுக்கு ஆள் அம்பிட்டது விக்டோரியா லைன் ரயிலிலை," என்றார் என் கணவர். அவருக்கு அது பெரிய பகிடி.

எனக்குப் பகிடியாக இல்லை. போர்த்துக்கீசர் எங்கள் நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள் என்று சொன்னேன். "அது நானூறு வருசம், அம்மா," என்றாள் மகள். நானூறு வருடமானால் என்ன, இடித்தது இடித்ததுதானே என்றேன். நேர்மையாகச் சொல்வதென்றால், அதற்கு முன் அந்தக் கோயில் இடிபட்டதைப் பற்றி நான் ஒரு நாளும் நித்திரை கெட்டதில்லை. எனக்கு அவள் ஒரே பிள்ளை. கொடுக்க மனம் வரவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் போர்த்துக்கீசரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஓம் சொன்னாத்தான் வெடிங் டேட் ஃபிக்ஸ் பண்ணுவன், அம்மா," என்றாள். "நோ எண்டா ஃபைன். நான் இப்பிடியே இருப்பன். வேறை ஆளைப் பாக்க வேண்டாம்."

அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த ஓம் பற்றி ஒரு சின்னக் கதை உண்டு. மகள் ஃபோனில் என்னோடு கதைக்கும்போது பெடியன் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறான். "ஓம், ஓம், ஓம்" என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, உன் அம்மா எந்த நேரமும் தியானத்தில் இருக்கிறாரா என்று மரியாதையாக விசாரித்தானாம். யாழ்ப்பாணத்தில் அது வெறும் ஆமாதான் என்று மகள் விளங்கப்படுத்தினாளாம். அவனுடைய தாய்க்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. அது பிறகு வரும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வரும்படி அந்த அம்மா அழைத்தார். எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தார். நான் யோசிக்காமல் "வெள்ளிக்கிழமை" என்றேன்.

யோசிக்காமல் என்று எழுதியது பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை எனக்குச் சைவம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, டொக்டர்கள் சொன்னதும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒரே ஆளிடம் பேசினேன். பிள்ளையைத் தா, உயிருள்ளவரை வெள்ளியில் மச்சம் தொடமாட்டேன் என்று பிள்ளையாருக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் ஒரு வெள்ளியும் தவறியதில்லை. மீனும் இறைச்சியும் இல்லாமல் அந்தப் போர்த்துக்கீச அம்மாவால் ஒரு விருந்து வைக்க ஏலாது, முகம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு இது சரிவராது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

"வெள்ளி மச்சம் இல்லையெண்டு வடிவாச் சொல்லிவிடு," என்றேன் மகளிடம். அவள் என் முன்னாலேயே மெசேஜ் போட்டாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு பிரச்சினையும் இல்லையாம், அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அப்படித்தானாம், இப்படி ஒரு குடும்பம் கிடைத்ததற்கு மாதாவுக்கு நன்றியாம்.

என் பாச்சா பலிக்கவில்லை.

அந்த வெள்ளி டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறியதும் என் கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு பட்டியல். மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, சப்பாத்து, துவாய், பாண், குசினி. எல்லாம் போர்த்துக்கீசர் எங்களுக்கு விட்டுவிட்டுப் போன சொற்களாம்.

"எனக்குப் பாதிப் போர்த்துக்கீசம் தெரியும், பாரும்," என்றார்.

"தளபாடக் கடை வைக்கிறதுக்குக் காணும்," என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்த்துக்கீசர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எப்படி விரதம் பிடித்தார்கள் என்று எனக்கே சொல்லத் தொடங்கினார். சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால், இன்றைக்கு இந்த வீட்டில் விரதம் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பார்களாம். அதனால் இலையை மடித்து வீட்டுக் கூரை இறப்பில் செருகி ஒளித்துவைப்பார்களாம். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தெரிந்த கதை. அவர் விக்டோரியா வரைக்கும் அதை நீட்டினார். அங்கே மாறி மூன்றாவது ஸ்டேஷன் ஸ்டொக்வெல்.

அந்த அம்மாவின் வீடு கோப்பிக்கடைக்கு மேல்மாடியில். கட்டையான, சுறுசுறுப்பான மனுசி. என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். குறை பிடிக்க வந்தவளுக்கு முதலில் கிடைத்தது கொஞ்சல். நான் கொஞ்சம் ஆடிப்போனேன்.

என் கணவருக்கு அன்று வாழ்க்கையின் பெருநாள். "மேசை!" என்று மேசையைத் தட்டினார். "மேசா!" என்று அந்த அம்மா கூவினார். "யன்னல்!" "ஜனேலா!" "சப்பாத்து!" "சப்பாத்து!" இரண்டு பேரும் வீடு முழுக்கச் சாமான்களைத் தட்டிக்கொண்டு போனதைப் பார்த்தால், அந்த வீடு அன்று பின்னேரம் ஏலத்துக்கு வருகிறது என்று நினைக்கத் தோன்றும். அந்த அம்மா கதவுச் சாவியைத் தூக்கிக் காட்டி "ஷாவ்" என்றபோது மட்டும் என் கணவர் தலையை ஆட்டினார்.

"அது இந்தியாக்காரற்றை சொல். நாங்கள் திறப்பு எண்டுதான் சொல்லுவம்." கொள்கை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார்.

பெடியன் மகளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கையில் அந்த மணிக்கூடு. நேரில் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் சூப் வந்தது. பச்சைக் கீரையை நூல்நூலாக அரிந்து உருளைக்கிழங்குச் சாற்றில் போட்டிருந்தார். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று போடுவாராம். "இன்று வெள்ளி, விட்டுவிட்டேன்," என்றார் இங்கிலீஷில், பெருமையோடு. நல்ல சூப். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அவர் குசினிக்குள் போய், இரண்டு கையாலும் துவாய் பிடித்து, ஒரு பெரிய மண்சட்டியைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தார்.

கட்டை விரலளவு மீன் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம், எல்லாம் எண்ணெயில் ஒன்றோடொன்று பிரட்டி அடுப்பில் வாட்டியது. மேலே அவித்த முட்டை வட்டம் வட்டமாக.

மகளின் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாமே மச்சம். சொல் பிறந்ததே மீனிலிருந்துதான். லண்டனில் வளர்ந்த என் பிள்ளை அதை இங்கிலீஷில் இறைச்சி என்று ஆக்கி, வெள்ளிக்கிழமை அம்மா இறைச்சி சாப்பிடமாட்டா என்று அனுப்பியிருக்கிறாள். கத்தோலிக்க வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லையென்றால் அங்கே மீன்தான் என்று அர்த்தம். மீனைத்தான் சொல்லாகவே வைத்திருக்கிறோம், அந்த மீனே சட்டியில் வந்து நிற்கிறது.

நான் தேடி வந்த குறை, தேங்காயெண்ணெய் போட்ட தலைமுடிபோல மினுங்கிக்கொண்டு, என் கண்முன்னால் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த அம்மா ஒன்றும் அறியாமல் கதைத்துக்கொண்டிருந்தார். உப்பில் காயவைத்த மீனாம். மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாராம். பிறகு குரலைத் தணித்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. அவனைத் தந்தால் சாகும்வரை வெள்ளியில் இறைச்சி தொடமாட்டேன் என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்தேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை. உங்களுக்கும் அப்படி என்று கேட்டபோது கடைக்குள் நின்று அழுதேன்."

பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் நான் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. இந்த மனுசியும் எங்கேயோ ஒரு கதிரையில் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

"ஆன்ட்டி, ஆக்சுவலி, அம்மா..." என்று மகள் தொடங்கினாள்.

"வாயை மூடு," என்றேன் தமிழில், சிரித்த முகத்தோடு. "பீங்கானை நீட்டு."

என் கணவர் கண்ணை அகலத் திறந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஈஸ்ட்ஹாம் கடைகளில் எனக்குத் தெரியாமல் மட்டன் ரோல் சாப்பிடுகிற மனுசன், அன்று என் விரதத்துக்காகக் கலங்கிப்போய் இருந்தார்.

சாப்பிட்டேன். நான் மறைக்க விரும்பவில்லை, நன்றாக இருந்தது. அதுதான் அதிலும் பெரிய பாவம். முதல் வாய் விழுங்கியபோது கண் கலங்கியது. உறைப்புப் போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மா தண்ணீர் ஊற்றித் தந்தார். அதில் ஒரு துளி மிளகாய்கூட இல்லை. அன்றைக்கு நானும் என் விரதத்தை ஒரு போர்த்துக்கீசர் வீட்டுக் கூரை இறப்பில் செருகினேன். என்ன, ஊரில் செருகியவர்கள் விரதத்தைக் காப்பாற்றிவிட்டுச் செருகினார்கள்.

திரும்பி வரும் ரயிலில் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உங்கடை விரதம், அம்மா..."

"உனக்காகப் பிடிச்சது. உனக்காக ஒரு நாள் விட்டா என்ன?" என்றேன். துணிச்சலாகச் சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று காரணம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகவும் சொல்வதில்லை.

மகளுக்கு நான் அப்போதும் பதில் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா? பெடியனிடம் சொல்லிவிட்டாள். பெடியன் தாயிடம் சொல்லிவிட்டான்.

அடுத்த வெள்ளி மத்தியானம் வாசல் மணி அடித்தது. திறந்தால் அந்த அம்மா. கடையைப் பூட்டிவிட்டு, துணியில் கட்டிய பானையைக் கையில் பிடித்தபடி, தனியாக இரண்டு ரயில் பாதையும் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறார். கோபமாகவும் இருந்தார்.

"ஏன் சொல்லவில்லை?" என்றார். "உங்கள் வாக்கை என் மேசையில் வைத்து உடைத்துவிட்டேனே. ஏன் சொல்லவில்லை?"

நான் என்ன சொல்ல? குறை பிடிக்க வந்தேன், குறை கிடைத்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை என்றா? பானையை வாங்கினேன். இன்னும் சூடு இருந்தது. மூடியின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் மகனிடம் கேட்டு எழுதிய இரண்டு சொற்கள். அவர் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல, வாசித்துக் காட்டினார்.

"மச்சாம். இல்லா."

உள்ளே அந்தக் கீரைச் சூப். என் கணவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "அவையள் எங்களுக்கு எத்தினை சொல் தந்தவை," என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அபூர்வமாக அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மகள் அந்த வாரம் எங்களோடு தங்கி, வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கி வந்தவள் பாதிப்படியில் நின்றுவிட்டாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்க வேண்டியதை அவர் கண்ணாலேயே கேட்டார்.

எனக்கு இன்னும் கொடுக்க மனம் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் கொடுப்பதென்றால் வேறு யாரிடம் கொடுப்பேன்?

"ஓம்," என்றேன்.

மகள் படியிலேயே குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா, நான் மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்து, அவசரமாகத் தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்.