ஊமத்தஞ்சாறு

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம். என் கணவர் பள்ளி ஆசிரியர். ஒருநாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது அவருக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வலது தொடை முதல் குதிகால்வரை நெருப்பு வைத்த மாதிரி வலி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபடியே அழுவார். மாத்திரை, ஊசி, ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று. “என்னை எடுத்துக்கோ ஆண்டவரே” என்று அவர் முனகும்போது, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அவரோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் பார்க்க வந்தார். ஊமத்தை இலையில் நல்லெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, வலிக்கிற இடத்தில் கட்டச் சொன்னார். கொல்லையிலேயே ஊமத்தை மண்டிக் கிடந்தது. கட்டினேன். அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இலை ஆறியதும் வலி திரும்பிவிட்டது.

“வெளிய கட்டினாலே இவ்வளவு கேக்குதே. உள்ளுக்குக் குடிச்சா அடியோட போயிடாதா?” என்றார்.

“ஐயோ, அது விஷங்க!”

அவர் ஜன்னல் வழியாகக் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழந்தையோடு ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினேன். அம்மியில் பச்சை விழுது ஒட்டியிருந்தது. அவர் கையில் இல்லாத சாக்பீஸால் சுவரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண்மணி இரண்டும் அகலமாக விரிந்திருந்தன.

“என்னங்க!” என்று கையைப் பிடித்தேன்.

“எந்த கிளாஸ்மா நீ? பெஞ்ச்ல போய் உக்காரு” என்றார்.

என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், கையோடு பறித்துக்கொண்டு போன ஊமத்தை இலையைக் காட்டினேன். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள்.

“பொழைச்சுக்குவாரா சார்?”

“இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா.”

கட்டிலில் கிடந்தபடி அவர் காற்றில் நூல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே சிரித்தார். வலியில் கோணாத அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உயிரே போனது.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “கால் வலிக்குது” என்றார்.

“வலிக்கட்டும்” என்று அந்தக் காலையே கட்டிக்கொண்டேன்.

“வெளிய கட்டறதும் ஜாக்கிரதையாத்தான் செய்யணும்மா” என்றார் டாக்டர். “தோல் கிழிஞ்ச இடத்துல அது படக்கூடாது. கை கழுவாம குழந்தையைத் தொடக்கூடாது.”

டாக்டர் சொன்னபடி, மெத்தையில்லாமல் வெறும் பலகையில் பல மாதம் படுத்துக் கிடந்து, ஒரு வழியாக மறுபடி பள்ளிக்குப் போனார். வலி குறைந்ததே தவிர, விட்டுப் போகவில்லை. அது கூடுகிற நாட்களில் அவரைத் தனியே விட்டு நான் எங்கேயும் போனதில்லை. அவர் தூங்கினால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.