பூக்கட்டிப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போனது

என் மனைவி ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிறவள். அவளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே மரக்கணு போல ஒரு வீக்கம். நின்றே வேலை பார்ப்பதால் வந்தது என்றுதான் நினைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, அபூர்வமான எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம் என்றார். "இங்க யாரையும் ஊசி போட்டுச் சதை எடுக்க விடாதீங்க. கட்டும் போடாதீங்க. எலும்புக் கட்டி மட்டும் பாக்குற டாக்டர் மதுரையில இருக்காரு. தள்ளிப் போட்டா கால் மிஞ்சாது."

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாமி முன்னால் கைகூப்பினாலும் மனம் பஸ் ஸ்டாண்டில் நின்றது. அவளோ அசையவில்லை. சேத்தூரில் அவளுடைய அண்ணன், எண்ணெய்க்கட்டு போடுகிற நாட்டு வைத்தியரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா சொல்றபடி செய்வோம்" என்றாள்.

கல்யாணமோ, வீடு கட்டுவதோ, எங்களுக்கு எல்லாம் அப்படித்தான். வத்திராயிருப்பில் அவள் பிறந்த வீட்டு அம்மன் முன்னால் பூசாரி ஆளுக்கொரு நிறப் பூவை மடித்துக் கட்டி இரண்டு பொட்டலம் போட்டார். சிவப்புப் பூ வந்தால் மதுரை, வெள்ளை வந்தால் எண்ணெய்க்கட்டு. அவளே ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

அவள் முகம் தெளிந்தது. அதுவரை பூவை மீறி நான் எதுவும் செய்ததில்லை.

"தாயே, கோவம்னா எம்மேல வச்சுக்கோ. இவ கால விட்டுரு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு அவளிடம், "ஏட்டி, கிளம்பு. மதுரைக்குப் போறோம்" என்றேன்.

"ஏங்க, சாமிகிட்டயே சண்டையா? அப்ப எதுக்குப் பூக்கட்டச் சம்மதிச்சீக?"

"சண்டைய நான் பாத்துக்கிடுதேன். நீ கால மட்டும் பாரு."

பஸ்ஸில் அவள் முகம் கொடுக்கவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நான் எழுந்து எழுந்து பார்த்தபோதுதான் ஒரு தரம் வாய் திறந்தாள். "உக்காருங்க. நீங்க எந்திரிச்சா பஸ்ஸு வெரசாப் போயிருமாக்கும்."

மதுரை டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டார்களா, நீவிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்லது. நோயுள்ள எலும்ப மட்டும் எடுத்துட்டு, கால வச்சுக்க முடியுமான்னு பாக்கலாம். ஸ்கேன் பாக்காம உறுதி சொல்ல மாட்டேன். இனி அந்தக் கால ஊனாதீங்கம்மா, முறிஞ்சிரும்."

அவள் எழுந்தாள். நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொடாதவள், என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"மெதுவாப் போங்க. நீங்க ஆடுனா நானும் விழுந்துருவேன்."

ஸ்கேன் அறை வரை அப்படியே போனோம்.