கேக்கும் பாட்டும் பல் செட்டும்

பல் செட் செய்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: எதிரில் இருப்பவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டோம், முன்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு கடையின் மாடியில் சின்ன லேப் எங்களுடையது. பல் டாக்டர்கள் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். நானும் கூட வேலை பார்க்கும் ஃபரீதாவும் பல் செய்து அனுப்புவோம். வேலை முடிந்தால் எனக்குக் கேக் அலங்காரம், ஞாயிற்றுக்கிழமை படம் வரைவது, நடுவில் கொஞ்சம் பாட்டு. வேலை ஒரு பக்கமும் ஆசைகள் மறுபக்கமும் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிரித்த கேக்

சுங்கை பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். கேக்கை நான் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மேலே சர்க்கரை மாவில் மல்லிகை மொட்டுச் சரம். லேப்பில் மெழுகு செதுக்கும் கத்தி மாதிரியே புதிதாக ஒன்று வாங்கி, லீவு போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டாகச் செதுக்கினேன். கை தானாக ஓடியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மண்டபத்தில் கேக்கை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. வரிசையாக, பளபளவென்று, நடுவில் இரண்டு பெரிதாக, ஓரங்களில் கூர்மையாக. மொட்டு எங்கே இருந்தது? அத்தனையும் பல்! பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். என்னால் ஒரு சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று பயந்தே போனேன். அவர் நிமிர்ந்து சத்தமாகச் சொன்னார்: "நல்ல சகுனம்லா! நமக்கு முன்னாடி கேக்கு சிரிச்சிருச்சு!"

வெள்ளை என்பது வெள்ளை அல்ல

லிட்டில் இந்தியா பக்கத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர் ஒருவருக்கு ஒரே ஒரு முன்பல் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துப் பற்களெல்லாம் காப்பியில் ஊறி ஊறித் தனி நிறம். எங்கள் நிற அட்டையில் எதை வைத்தாலும் ஒட்டவில்லை. டாக்டர் பல்லைத் திருப்பி அனுப்பினார். மறுபடி செய்தேன், மறுபடி திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு எதிரே உட்கார்ந்து பழைய கடைவீட்டுச் சுவர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். வெள்ளைச் சுவர்தான். ஆனால் வரைய வரைய அடியில் மஞ்சள், ஓரத்தில் சாம்பல், கீழே லேசான பழுப்பு. படத்தைப் போட்டுவிட்டு வர்ணப் பெட்டியோடு ஓடினேன். "அங்கிள், கொஞ்சம் வெயிலுக்கு வாங்க" என்று அவரைத் தெருவோரம் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்துப் பார்த்து வர்ணம் கலந்தேன். காப்பி குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நிறத்தில் செய்த அடுத்த பல் மற்ற பற்களோடு அப்படியே கலந்துவிட்டது. பிறகு ஒருநாள் காப்பி குடிக்கப் போனால் மனிதர் முகம் வாடியிருந்தது. இந்தியர்களோடே பழகியதால் தமிழ் சரளமாக வரும் அவருக்கு. "யாருமே கண்டுபிடிக்கலலா, புதுப் பல்லுன்னு நானே சொல்ல வேண்டியிருக்கு!"

கை தட்டினால் போதுமா?

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கும் டாக்டர் ஒருநாள் போன் செய்தார். புஷ்பம் அக்கா என்றொருவர், பக்கத்து ஊரான பிறையில் பேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் செய்த பல் செட்டோடு திரும்பத் திரும்ப வருகிறாராம். சாப்பிட முடிகிறது, பேச முடிகிறது. "அப்புறம் என்னதான் குறை, எனக்குப் புரியவில்லை, நீயே வந்து பார்" என்றார்.

போனேன். அக்கா மெதுவாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை பஜனையில் முன்னால் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். பல் கட்டியதிலிருந்து பாடினால் விசில் வருகிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். கோயிலில் ஒருவர், "நீங்க சும்மா கை தட்டினா போதும்க்கா" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை, கைப்பையின் வாரைப் பார்த்தார். பாடாதே என்றால் எப்படி இருக்கும் என்று பாடுகிறவளுக்குத் தெரியாதா?

டாக்டர் அவரை ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லித்தான் சோதித்திருந்தார். எண்ணும்போது யார் ஸ்வரத்தை இழுக்கிறார்கள்? "அக்கா, ச ரி க ம பாடுங்க" என்று நானே ஆரம்பித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சேர்ந்தார். மேல் 'ச'வை இழுத்ததும் வந்தது விசில். முன்பல்லுக்குப் பின்னால் தகடு ஒரு மயிரிழை தடிப்பு. டாக்டர் தலையாட்ட, ராவினேன். பாடினோம். இன்னும் கொஞ்சம் ராவினேன். மறுபடி பாடினோம்.

கடைசியில் 'ச' சுத்தமாக வந்தது. அக்கா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முருகன் பாட்டை முழுதாகப் பாடினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே வந்து நின்றார்கள். பாடி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னார்: "பல்லு சரியாயிருச்சு டாக்டர். ஆனா இந்தப் பிள்ளைக்குத்தான் சுருதி சேரல. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அனுப்புங்க, நான் சரி பண்ணி விடுறேன்."

அடுத்து தையல் வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். அது யார் வாயில் போய் முடியுமோ தெரியவில்லை.